மணவாளன் மீன் வளர்ப்பதில்லை

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 13, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. சுண்டுவிரலைக் கடல்மீன் தொட்டிக்குள் முக்கி எடுத்து, நாக்கு நுனியில் வைத்து, கோயிலில் தீர்த்தம் வாங்கியவரைப் போலக் கண்களை மூடிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். முகப்பேர் கிழக்கில் தாம் நடத்தும் குழந்தைகள் பல் மருத்துவமனையின் கதவைத் திறந்து உள்ளே வந்த அனுசுயா, காத்திருப்பு அறையில் கண்ட முதற்காட்சி அதுதான். அந்த மனிதர் வணக்கம் சொல்லவில்லை. தாம் யார் என்றும் சொல்லவில்லை. நாக்கைச் சப்புக்கொட்டி, "உப்பு கம்மி" என்று மட்டும் தீர்ப்பளித்தார்.

"இவுருதாம்மா நான் சொன்ன மணவாளன் அண்ணாத்தே. எங்க மேனாம்பேட்டு ஆளு. கடல் மீனுக்கு டாக்டரு," என்றார் துடைப்பத்தோடு நின்ற கெங்கம்மாள். மருத்துவமனையைப் பெருக்கித் துடைப்பதும், ஊசியைக் கண்டு அலறும் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்வதும் அவருடைய வேலை.

"டாக்டருன்னு சொல்லாத. டாக்டரு இன்னா கீதுன்னு பாப்பாரு. நான் இன்னா இல்லன்னு பாக்கறவன்," என்றார் மணவாளன்.

உப்பு குறைவாக இல்லை. அன்று மாலையே அனுசுயா உப்பளக்கும் கருவியை மிதக்கவிட்டுப் பார்த்தார். இருக்கவேண்டிய கோட்டில் இம்மியும் பிசகாமல் இருந்தது. பிறகு விசாரித்ததில், பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை எந்த வீட்டுத் தொட்டியில் விரலை விட்டாலும் மணவாளன் சொல்லும் முதல் வாக்கியம் அதுதான் என்று தெரிந்தது. அடுத்த முறை கருவியை அவர் முகத்துக்கு எதிரே நீட்டியபோது ஏறிட்டும் பார்க்கவில்லை. "மிஷினு பொய் சொல்லும் டாக்டரம்மா. நாக்கு சொல்லாது." பாக்கும் புகையிலையும் மென்று மென்று வேர்வரை கறுத்துப்போன பற்களுக்கு நடுவே கிடந்த அந்த நாக்கின் சாட்சியத்தை ஏற்றுக்கொள்வது ஒரு பல் மருத்துவருக்கு எளிதாக இல்லை.

மணவாளனுக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் அமிலத் தொட்டிகளுக்கு நடுவே நின்றவர். பட்டறை மூடப்பட்டதும் மீன்தொட்டிக்கு இடம் மாறினார். ஸ்கூட்டரில் கால் வைக்கும் பலகைமேல் எப்போதும் ஒரு நீல நிற பக்கெட் இருக்கும். சட்டையின் வயிற்றுப்பகுதியில் கடலுப்பு உலர்ந்து, ஓதமேறிய சுவரைப் போல வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். அதைத் தட்டிவிட மாட்டார். பதக்கத்தைப் போல அணிந்து திரிந்தார். பட்டறையில் கற்ற பாதி வேதியியலையும் கைப்பேசிக் காணொளிகளில் கேட்ட பாதி உயிரியலையும் ஒன்றாகக் கூட்டி ஒரு முழு மேதாவியாகத் தம்மைக் கணக்கிட்டு வைத்திருந்தார்.

வாடிக்கையாளர்களுக்கு மரியாதை காட்டினார் என்று அவர்மேல் யாரும் பழிபோட முடியாது. அடுக்குமாடி வீடுகளில் கடல்மீன் வளர்க்கும் மென்பொருள் ஊழியர்களுக்கு அவர் சூட்டிய பொதுப்பெயர் 'ஸ்கிரீன்சேவர் பார்ட்டிங்க'. "ஆபீசுல ஒரு டப்பாவ பாப்பானுங்கோ. ஊட்டுக்கு வந்து இன்னொரு டப்பாவ பாப்பானுங்கோ. மீனு வாய தொறந்தா பசின்னு நெனச்சிக்கினு ஒரு கை தீனி போடுவானுங்கோ. அது மூச்சு வுடுதுடா, பேமானி!" இதை அவர் அதே வீட்டு வரவேற்பறையில், அதே வீட்டுக் காப்பியைக் குடித்தபடி, அதே வீட்டுக்காரரிடம் சொல்வார்.

அனுசுயாவின் கணவர் ஜெகதீஷும் அந்தப் பார்ட்டிகளில் ஒருவர்தான். கொளத்தூர் மீன் சந்தையில் அந்தத் தொட்டியை ஆசைப்பட்டு வாங்கியவரும் அவரே. ஒரு மாதம் முடிவதற்குள் சலித்துப்போய், வீட்டில் இடமில்லை என்று சொல்லி, மனைவியின் மருத்துவமனைக்கு அதை நாடு கடத்தியவரும் அவரே. ஒரு நாள் தெரியாத்தனமாக, "மீன் ஏன் டல்லா இருக்கு?" என்று மணவாளனைக் கேட்டுவிட்டார்.

"மீன இன்னாத்துக்கு பாக்கற நைனா? நான் மீனு வளக்கல. பசங்கள வளக்கறேன்."

"எந்தப் பசங்க?"

"பாக்டீரியா! ஒரு சொட்டு கடல் தண்ணில லச்சம் லச்சமா கீறானுங்கோ. நடுக்கடலுக்குப் போயி தண்ணிய மொண்டு பாரு, கண்ணாடியாட்டம் கீது. மேல வெயிலு கொட்டுது. கீழ தண்ணி, கேக்கவே வாணாம். அப்புறம் இவனுங்கோ ஏன் பெருகி பாலாட்டம் ஆவல?"

ஜெகதீஷ் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது மணவாளனைத் தடுக்கவில்லை.

"நீ ஒரு ஊடு கட்ற. செங்கல்லு லாரி லாரியா எறக்கிட்ட. மணலு கீது, மேஸ்திரி கீறான், சித்தாளு கீது. சிமெண்டு மட்டும் வர்ல. செவுரு எழும்புமா? எழும்பாது. இன்னும் பத்து லோடு செங்கல்லு எறக்கு. அப்ப எழும்புமா? அப்பவும் எழும்பாது. அல்லாரும் பீடி புடிச்சிக்கினு குந்தினு கீறானுங்கோ. கடல்ல அதே கதைதான். ஒரு எடத்துல பாஸ்பரசு இல்ல, ஒரு எடத்துல நைட்ரஜன் இல்ல, ஒரு எடத்துல துளியூண்டு இரும்பு இல்ல. எது இல்லியோ அதான் நைனா மொதலாளி. மீதியெல்லாம் சொம்மா."

சொன்ன கருத்து சரியானதே. கடல்வாழ் பாக்டீரியாக்கள் எந்த அளவுக்குப் பெருகும் என்பதை, நிறைந்து கிடக்கும் சத்துகள் தீர்மானிப்பதில்லை. தேவைக்கு மிகவும் பற்றாமல் இருக்கும் சத்துதான் தீர்மானிக்கிறது. வீட்டுத் தொட்டியில் நிலைமை சற்று வேறு. அங்கே மீன்களின் கழிவிலிருந்து நைட்ரேட் நாளுக்கு நாள் குவிகிறது. பாக்டீரியாக்களுக்குக் கிடைக்காதது கரிமம். ஆகவே கொஞ்சம் சர்க்கரை இட்டால் அவை பெருகும், பெருகும்போது நைட்ரேட்டை உண்ணும், உண்டு கொழுத்தவற்றை ஒரு கருவி நுரையாக்கி வெளியே தள்ளும், தண்ணீர் தூய்மையாகும். உலகெங்கும் பலர் அளந்து, பார்த்து, பொறுத்துச் செய்கிற காரியம் இது. மணவாளன் அளப்பதுமில்லை, பொறுப்பதுமில்லை. பிஸ்கட் டப்பாவில் கொண்டுவரும் சர்க்கரையைச் சிட்டிகையில் எடுத்து, விபூதி இடுபவரைப் போலத் தூவுவார்.

அது ரேஷன் சர்க்கரையாகவே இருக்கவேண்டும் என்பதும் அவருடைய கண்டுபிடிப்புகளில் ஒன்று. அனுசுயா கடையில் வாங்கிய சர்க்கரையை நீட்டியபோது முகத்தைச் சுளித்தார். "இத்தப் போட்டா பசங்களுக்கு ஷோக்கு ஏறிடும். வேல செய்ய மாட்டானுங்கோ."

"ஏன் அண்ணாத்தே, அப்ப பாமாயிலும் ரெண்டு சொட்டு வுடேன். அதுவும் ரேஷன்ல தராங்கோ," என்றார் கெங்கம்மாள்.

"தபாரு, வாய மூடிக்கினு பெருக்கு."

அவருடைய இன்னொரு குணம், தமக்கு உரிய எந்தப் பொருளையும் பிறர் இடத்தில் ஓர் இரவு தங்கவிடாதது. பக்கெட், அதன் மூடி, வலை, ரப்பர் குழாய், கண்ணாடி சுரண்டும் தகடு என எல்லாவற்றிலும் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் 'ம' என்று எழுதியிருப்பார். கீழே வைக்கும்போது அந்த எழுத்து வெளிப்பக்கம் தெரியும்படிதான் வைப்பார். தெரியாவிட்டால் திருப்பி வைப்பார். ஒரு முறை குழாயைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டை மறந்துவிட்டு, மேனாம்பேடு போய்ச் சேர்ந்த பிறகு தொலைபேசியில் கூப்பிட்டார். அப்போது அனுசுயா ஒரு குழந்தைக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா, ரப்பர் பேண்டு அங்கதான் கீது. பத்ரம். எனுது."

இப்படிப்பட்டவரை அனுசுயா ஏன் சகித்தார் என்றால், 'டீச்சரு'க்காக. தொட்டியில் மூன்றே மீன்கள் இருந்தன. ஆரஞ்சும் வெள்ளையும் பட்டைபட்டையாகக் கொண்ட கோமாளி மீன்கள் இரண்டு. நீல நிறத்தில் ஒன்று. கோமாளிகளில் பெரியது நாள் முழுவதும் மற்ற இரண்டையும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு விரட்டிக்கொண்டிருந்தது. கடைவாய்ச் சொத்தையோடு வந்த ஒரு சிறுமி அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது எங்க கிளாஸ் டீச்சர்" என்றாள். அன்றுமுதல் அதுவே பெயர். நாற்காலியில் உட்கார மறுக்கும் குழந்தையைத் தொட்டியின் அருகே அழைத்துச்சென்று, "டீச்சருக்கு ஆ காட்டு" என்றால் போதும்; வாய் தானாகத் திறக்கும். டீச்சரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று வாயைத் திறந்து மூடும். அழுகைச் சத்தம் இல்லாத மருத்துவமனை என்று முகப்பேரில் அனுசுயாவுக்குக் கிடைத்திருந்த பெயரில் பாதி அந்த மீனுக்குச் சேரவேண்டியது.

ஜெகதீஷுக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. "அந்த இடத்துல ஒரு டிவி மாட்டினா கார்ட்டூன் ஓடும் அனு. அதுக்குத் தீனி போட வேண்டாம், சர்க்கரை போட வேண்டாம், அந்த ஆள்கிட்ட பேச்சு வாங்க வேண்டாம்." கடைசியில் இருவருக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: தொட்டியில் இனி சாவு விழுந்தால் தொட்டி போகும், டிவி வரும்.

அந்தச் சமயம் பார்த்துத் தண்ணீர் கெடத் தொடங்கியது. மணவாளன் வாரந்தோறும் வந்து தூவும் சர்க்கரை கூடிக்கொண்டே போயிற்று. நைட்ரேட்டோ இறங்கவில்லை, ஏறிற்று. நீல மீன் கல்லுக்குப் பின்னால் ஒடுங்கியது. டீச்சர் யாரையும் விரட்டுவதை நிறுத்தியது. "பசங்களுக்கு இன்னும் பசி கீது" என்று சொல்லி மணவாளன் மேலும் இரண்டு சிட்டிகை போட்டார்.

அனுசுயா கல்லூரியில் வேதியியலை விரும்பிப் படித்தவர். சோதனைக் குப்பிகளை வரவழைத்துத் தாமே தண்ணீரைப் பரிசோதித்தார். நைட்ரேட் குப்பி குருதியாய்ச் சிவந்தது. பாஸ்பேட் குப்பியில் நிறமே வரவில்லை, வெறும் தண்ணீர். காரணத்தைத் தேடியபோது, வடிகட்டியின் உள்ளே ஒரு வெள்ளைப் பொட்டலம் தொங்கியது. பாசி பிடிக்காமலிருக்கப் பாஸ்பேட்டை உறிஞ்சும் துணிப்பை. அதன் மூலையில் சிவப்பாக 'ம'.

அடுத்த வருகையில் குப்பிகள் இரண்டையும் மேசைமேல் வைத்தார்.

"எது இல்லையோ அதுதான் முதலாளின்னு நீங்கதானே சொன்னீங்க? இந்தத் தண்ணியில பாஸ்பேட் இல்ல. மொத்தத்தையும் உங்க பை உறிஞ்சிடுச்சு. அப்புறம் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் உங்க பசங்க எப்படிப் பெருகுவாங்க? ஒண்ணும் செய்ய வேண்டாம், பையை மட்டும் எடுத்துடுங்க. மீனுக்குப் போடற தீனியிலேயே பாஸ்பேட் இருக்கு. மெதுவா தானா சரியாகும்."

மணவாளன் குப்பிகளைப் பார்க்கவில்லை. கெங்கம்மாளைப் பார்த்தார், அதுதான் அவர் செய்த பிழை.

"அட அண்ணாத்தே! லோடு லோடா செங்கல்லு எறக்கிக்கினே கீற. சிமெண்டு மூட்டய தெருவுல தூக்கிப் போட்டது நீதானா?"

அன்று அவர் பையை எடுத்துக்கொண்டார். உப்பைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லாமல் போனார். தம்முடைய சொந்த வாக்கியத்தால் தம்மையே ஒருவர் அடித்ததை அவரால் தாங்க முடியவில்லை போலும். தாங்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் பொறுத்திருந்து பிறர் சொன்னது பலிப்பதைப் பார்ப்பதைவிட, உடனே ஏதாவது செய்து தாம் சொன்னதாக்கிக்கொள்வதே இத்தகைய மேதைகளின் வழக்கம்.

வியாழக்கிழமை மாலை மீண்டும் வந்தார். அனுசுயா உள்ளறையில் ஒரு குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மணவாளன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, சாம்பல் நிற உருண்டைகளைத் தண்ணீரில் கரைத்து, தொட்டியில் ஊற்றியதைக் கெங்கம்மாள் பார்த்தார். அதன்மேல் ஒரு கை நிறையச் சர்க்கரையும் விழுந்தது. சிட்டிகை அல்ல, கை.

"இன்னா அண்ணாத்தே அது?"

"சிமெண்டு," என்றார் மணவாளன்.

மறுநாள் காலை தொட்டி பாலாக இருந்தது. உவமைக்காகச் சொல்லவில்லை, உள்ளே கல் தெரியவில்லை, மணல் தெரியவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்த விரல் தெரியவில்லை. நடுக்கடலில் ஏன் ஆவதில்லை என்று அவர் ஜெகதீஷைக் கேட்டாரே, அது முகப்பேரில் ஆகியிருந்தது. பல மாதங்களாக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்த பாக்டீரியாக்களுக்குக் கரிமமும் பாஸ்பரசும் நைட்ரஜனும் ஒரே மாலையில் தலையில் கொட்டப்பட, அவை இரவெல்லாம் பெருகி, தண்ணீரில் இருந்த பிராணவாயுவை உறிஞ்சித் தீர்த்திருந்தன. நீல மீனும் சிறிய கோமாளியும் செத்து ஒதுங்கிக் கிடந்தன. பம்பின் நீர் விழும் ஓர் அங்குல இடத்தில், காற்றுக் குமிழிகளுக்கு நடுவே வாயை வைத்துக்கொண்டு, டீச்சர் மட்டும் மிதந்தது.

அனுசுயா அழைத்தவுடன் மணவாளன் வந்தார். வந்தவர் செய்த முதல் வேலை, அந்தப் பாலில் சுண்டுவிரலை முக்கி நாக்கில் வைத்தது.

"உப்பு கம்மி."

அனுசுயா செத்த மீன்கள் இரண்டையும் வலையில் அள்ளி ஓர் எவர்சில்வர் தட்டில் வைத்தார்.

"ராத்திரி கரெண்டு போயிருக்கும்," என்றார் மணவாளன் அடுத்தபடியாக.

"கரெண்டெல்லாம் போவல," என்றார் கெங்கம்மாள். "நீ போட்ட சிமெண்டு செட்டாயிட்ச்சி."

"என்ன போட்டீங்க?" என்று கேட்டார் அனுசுயா.

"சத்து."

"என்ன சத்து, மணவாளன்?"

"அதான்... மொட்ட மாடில ரோஜா செடிக்கு போடுவாங்கோளே. டி.ஏ.பி."

"உரமா? அதுல பாஸ்பேட்டோட அம்மோனியாவும் சேர்ந்து இருக்குமே! மீனுக்கு அது விஷம்னு உங்களுக்குத் தெரியாதா?"

மணவாளன் தொட்டியைப் பார்த்தார். பிறகு, அந்த எவர்சில்வர் தட்டைப் பார்த்தார். பிறகு, கேட்டவர் எவரும் ஆயுளுக்கும் மறக்க முடியாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்: "பசங்க பெருகினானுங்கோ இல்ல? அப்ப நான் சொன்னது கரெக்டுதான். மீனுக்குத்தான் தாங்கல."

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்த ஜெகதீஷ் இதைக் கேட்டார். "போதும் அனு. நாளைக்கே டிவி மாட்ட ஆள் வரச் சொல்றேன். இவரை முதல்ல வெளியே அனுப்பு." அனுப்பும் சிரமத்தை மணவாளன் யாருக்கும் வைக்கவில்லை. ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. பக்கெட், மூடி, வலை, குழாய், எல்லாம் அங்கேயே கிடந்தன. தம் சொத்துக்களை விட்டுவிட்டு ஓடும் அளவுக்கு மனிதர் பயந்துவிட்டார் என்றே அனுசுயா எண்ணினார். அவர் பயந்ததில் அனுசுயாவுக்குச் சிறிது திருப்திகூட ஏற்பட்டது. காற்றுக் குழாய் ஒன்றைக் கையால் பிடித்து டீச்சரின் வாயருகே வைத்துக்கொண்டு நின்றார். அன்று காலை வரவேண்டிய குழந்தைகளை மாலைக்கு மாற்றச் சொன்னார்.

நண்பகலுக்கு முன் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பின் இருக்கையில் உப்புநீர் நிரம்பிய டிரம் இரண்டு. அவற்றுக்கு நடுவே, மடியில் ஈரக் கோணி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி, முழங்கால்வரை நனைந்துபோய், மணவாளன். மூட்டையில் கற்கள் இருந்தன. கடலில் எடுத்தவை அல்ல. வெள்ளைச் சிமெண்டையும் கிளிஞ்சல் தூளையும் குழைத்து அவரே வார்த்தவை. தம் வீட்டுத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் ஊறிக் கருஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் நிறம் மாறியிருந்தன.

"இதுக்குள்ள கீறானுங்கோ வேற பசங்க," என்றார், தொட்டித் தண்ணீரைப் பாதிக்குமேல் வடித்துக்கொண்டே. "அந்தப் பசங்கோ தின்னுட்டு கூத்தாடுவானுங்கோ. இவனுங்கோ அப்டி இல்ல. ஓட்டைக்குள்ள குந்திக்கினு மீனோட விஷத்த தின்னுட்டு கம்முனு கெடப்பானுங்கோ. ஆனா வளர மாட்டானுங்கோ, லேசுல வளரவே மாட்டானுங்கோ." இந்தத் தொட்டியின் கற்களில் குடியிருந்தவை மூச்சு முட்டி மடிந்திருக்கும், புதிதாக வளரும்வரை டீச்சர் பிழைத்திருக்காது. அனுசுயாவுக்கு அது விளங்கிற்று. கற்களை ஒவ்வொன்றாக இறக்கினார் மணவாளன். சிமெண்டு ஈரமாக இருந்தபோதே ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் கீறியிருந்தார்.

"கல்லுலகூடவா அண்ணாத்தே மார்க்கு!" என்றார் கெங்கம்மாள்.

"பின்ன? எனுதுன்னு தெரிய வாணாமா?" கடைசிக் கல்லைப் புரட்டி, 'ம' என்ற எழுத்து கண்ணாடியைப் பார்க்கும்படி முன்னால் நிறுத்தினார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. மாறாக, தேநீர் கேட்டார். வந்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கெங்கம்மாளிடம், "சர்க்கரை கம்மி" என்றார்.

டீச்சர் பிழைத்தது. மறுநாள் டிவி மாட்ட வந்த ஆளை ஜெகதீஷ், "அப்புறம் சொல்றேன்" என்று திருப்பி அனுப்பினார். ஒரு குழந்தை அந்தச் சமயம் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு டீச்சருக்கு ஆ காட்டிக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் மணவாளனை இனி வைத்துக்கொள்வதில்லை என்று அனுசுயா முடிவு செய்திருந்தார். வீட்டைக் கொளுத்தியவன் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்ததற்காக அவனுக்கே வீட்டுச் சாவியைக் கொடுக்க முடியாது. அதை நேரில் சொல்லிவிடுவதே முறை என்று எண்ணி, அந்த மாதக் கடைசியில், அம்பத்தூரில் வேறொரு வேலையை முடித்துக்கொண்டு மேனாம்பேட்டுக்குப் போனார். கெங்கம்மாள் சொன்ன அடையாளத்தில் வீடு எளிதாகக் கிடைத்தது. வாசலில் காய்ந்த உப்புப் பைகள் கிடந்தன.

கதவைத் திறந்தவர் மணவாளனின் மனைவி லோகநாயகி. "பல் டாக்டரம்மாவா? வாங்கோ, வாங்கோ. எங்க ஊட்டுக் கல்லெல்லாம் அங்க சௌக்கியமா கீதா?"

முன்னறைச் சுவரின் முழு நீளத்துக்கும் ஒரு தொட்டி இருந்தது. பெரிய தொட்டி. அதன் ஒரு மூலையில் மட்டும் இரண்டு கற்கள் கிடந்தன. மீதி இடம் வெறும் மணல். கற்கள் இருந்த இடங்களில் பள்ளங்கள் அப்படியே தெரிந்தன. கலங்கிய தண்ணீரில் வயதான மஞ்சள் மீன் ஒன்று, சாய்வதற்கு ஒரு கல் தேடுவதைப் போல, அந்தப் பள்ளங்களின் மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"பட்டறைய மூடினப்ப வார்த்த கல்லும்மா," என்றார் லோகநாயகி. "பையன் படிப்புக்கு அலஞ்சிக்கினு இருந்த நேரம். வேற வேல இல்ல, பகலெல்லாம் இதுக்கு முன்னாடிதான் குந்தினு இருப்பாரு. என்னகூட ஒரு கல்ல தொட வுட்டதில்ல. ஊட்ட ரிப்பேர் பண்ணப்பகூட இத்த நவுத்தக் கூடாதுன்னுட்டாரு. அன்னிக்கி ஓடியாந்து கோணில அள்ளிப் போட்டுக்கினு போறாரு. நான் இன்னா ஏதுன்னு கேக்கறதுக்குள்ள ஆட்டோ கெளம்பிட்ச்சி. அதுக்கப்பறம் இங்க கீற மீனுங்கோ ஒண்ணொண்ணா..."

"வயசாயி செத்துச்சி," என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஈரக்கையோடு மணவாளன் வெளியே வந்தார். "வந்தவங்களுக்கு ஒரு காப்பித்தண்ணி குடுக்கத் துப்பில்ல, பேச்சப் பாரு. இன்னா டாக்டரம்மா, டீச்சரு செத்துச்சா?"

"இல்ல. நல்லா இருக்கு."

"பின்ன இன்னாத்துக்கு வந்தீங்கோ?"

சொல்ல வந்ததை அனுசுயா சொல்லவில்லை. "உங்க பக்கெட் எங்ககிட்டயே இருக்கு. அதான்..." என்றார்.

"அத்த சொல்லு! நானும் தேடிக்கினு கீறேன். மூடி கீதா? மூடி இல்லாத பக்கெட்ட நான் வாங்க மாட்டேன்."

மறுநாள் அவர் வருமுன் அனுசுயா அந்த நீல பக்கெட்டைக் கழுவி, அதில் உப்புநீர் நிரப்பி, தொட்டியின் அருகே வைத்திருந்தார். இந்தத் தொட்டியின் பழைய கற்களில் புதிய உயிர் பிடித்துவிட்டது. சோதனைக் குப்பிகள் அதைச் சொல்லின. மணவாளன் தம் கற்களைக் கேட்பார். கேட்டதும் நீரிலேயே வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். ரப்பர் பேண்டுக்குத் தொலைபேசி செய்தவர் இதைக் கேட்காமல் இருப்பாரா?

வந்தார். விரலை விட்டார், நாக்கில் வைத்தார். "உப்பு கம்மி." வலையை எடுத்தார். குழாயைச் சுருட்டி, அதன் ரப்பர் பேண்டை இழுத்துப் பார்த்து மாட்டினார். சுரண்டும் தகடு எங்கே என்று கெங்கம்மாளோடு சண்டையிட்டு, அது அவர் சட்டைப்பையிலேயே இருக்கக் கண்டு, அதற்கும் கெங்கம்மாளையே திட்டினார். பிறகு பக்கெட்டைப் பார்த்தார்.

"இதுல இன்னாத்துக்கு தண்ணி?"

"உங்களுடையது வேற ஏதாவது இங்க இருந்தா எடுத்துட்டுப் போறதுக்கு," என்றார் அனுசுயா.

மணவாளன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய், தண்ணீர் முழுவதையும் கழிப்பறைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார். மூடியை அழுத்தி மூடினார். 'ம' வெளியே தெரிகிறதா என்று திருப்பிப் பார்த்தார். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொள்ளாமலே முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டு, கண்ணாடிப் பக்கம் எழுத்தைக் காட்டிக்கொண்டிருந்த அந்த முன் கல்லைப் பிடித்து, எழுத்து அடியில் போகும்படி புரட்டி, மணலில் புதைய அழுத்தி வைத்தார்.